குருதிக்குள் ஒரு காவல்: அலிக் ஐசக்ஸின் வாழ்வு

ஒரு வீட்டில் ஐவர் இருக்கின்றனர். ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் வருகின்றது. அவரோடு ஒரே கூரையின் கீழ் உறங்கும் இருவர் மறுநாள் படுத்துக்கொள்கின்றனர். எஞ்சிய இருவர் இரண்டொரு தும்மலோடு தப்பிவிடுகின்றனர். படுத்தவரும் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ எழுந்து நடமாடுகின்றனர். குளிசை விழுங்கியவரும் எழுகின்றனர். கொத்தமல்லிக் குடிநீரோடு நின்றவரும் எழுகின்றனர். நாள்தோறும் கண்முன் நிகழ்வதாலேயே இதனை நாம் வியப்பதில்லை. காய்ச்சல் ஏன் வந்தது என்று கேட்கின்றோம். அது ஏன் போயிற்று என்று கேட்பவர் ஆயிரத்தில் ஒருவரும் இல்லை.

அவ்வாறு கேட்ட மிகச் சிலருள் ஒருவர் அலிக் ஐசக்ஸ். வைரசு தீண்டிய கலம் ஒரு புரதத்தைச் சுரந்து, இன்னும் தீண்டப்படாத அயற்கலங்களைக் காக்கின்றது என்னும் உண்மையைத் தம் தோழர் ஒருவரோடு சேர்ந்து 1957ஆம் ஆண்டில் உலகுக்கு உரைத்தவர் அவர். அப்புரதத்துக்கு இன்டர்பெரோன் என்பது பெயர். உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் நம் மாணவர் அச்சொல்லை நன்கறிவர். ஒரு வரியில் விடை எழுதிப் புள்ளியும் பெறுவர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் வாழ்ந்து, உழைத்து, ஐயுறப்பட்டு, 45 வயதில் மறைந்தார் என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை. அக்குறை சிறிதேனும் நீங்குக என்றே இதனை எழுதத் துணிந்தேன்.

கம்பளையிலிருந்து எழுதுபவனுக்கு கிளாஸ்கோ நகரத்து விஞ்ஞானியிடம் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். உறவு உண்டு. எங்கள் ஊரின் கதையை மன்னர் எழுதியது ஒரு பங்கானால், நோய் எழுதியது மற்றொரு பங்கு. 14ஆம் நூற்றாண்டில் இங்கே ஓர் அரசிருக்கை இருந்தது; அது மறைந்தது. 1820களில் சிங்ஹப்பிட்டியில் காப்பித் தோட்டம் எழுந்தது. 1869இல் இத்தீவில் தோன்றிய இலைநோய், சில பத்தாண்டுகளில் காப்பியை வேரோடு மாய்த்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. காப்பிக்கென்று கடல் கடந்து வந்த எம் முன்னோர் தேயிலைக்கென்று நின்றுவிட்டனர். நிரை நிரையாகக் கட்டிய லயங்களிலே, ஒரு சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்து வாழ்ந்தனர். 1918ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சல் அந்த லயங்களில் புகுந்து பெருஞ்சாவு விளைத்தது. 1957இல் ஆசியக் காய்ச்சல் வந்தது. 2017இல் டெங்கு இத்தீவில் 1,86,000 பேருக்கு மேல் தாக்கியது. 2020இல் கொரோனா வந்தது. ஐசக்ஸ் எந்தப் பகைவனை ஆராய்ந்தாரோ அப்பகைவனை நாங்கள் வாசற்படியிலேயே கண்டவர்கள்.

இளமையும் கல்வியும்

அலிக் ஐசக்ஸ் 1921ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய முன்னோர் லித்துவேனியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். பாட்டன் ஒரு தேசத்தில் பிறக்க, பேரன் வேறொரு தேசத்தில் பள்ளிக்குச் செல்வதன் பொருளை மலையகத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. அத்தகைய குடும்பங்களில் கல்வி என்பது அணிகலனாக இராது, ஊன்றுகோலாகவே இருக்கும். பையன் அதை இறுகப் பற்றினான்.

கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1944இல் அவர் பட்டம் பெற்றார். பரிசுகள் பல வென்ற மாணவர் அவர். எனினும் நோயாளியின் கட்டிலருகே நின்று மருந்து எழுதும் தொழிலில் அவருள்ளம் ஒன்றவில்லை. நோயைப் போக்குவதினும் நோயின் உள்ளியல்பை அறிவதிலேயே அவருக்கு வேட்கை மிகுந்தது. ஆகவே பேராசிரியர் கார்ல் பிரவுணிங்கின் கீழ்ப் பற்றீரிய ஆராய்ச்சியில் இறங்கினார். 1947இல் ஷெபீல்டு நகருக்குச் சென்று ஸ்டுவர்ட் ஹாரிஸ் என்பாரிடம் இன்புளுவென்சா வைரசைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அன்று கைக்கொண்ட அவ்வைரசை அவர் பிறகு விட்டதில்லை.

அடுத்த ஆண்டு ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவித்தொகை பெற்று அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகருக்குக் கப்பலேறினார். வைரசு ஆராய்ச்சியில் அந்நாளில் முன்னணியில் நின்ற மக்பார்லேன் பேர்ணெற் அங்கே இருந்தார். அவ்விரண்டாண்டுகள் ஐசக்ஸுக்கு இரு பேறுகளை அளித்தன. ஒன்று, 1949இல் அவர் மணந்த சுசானா என்னும் அவுஸ்திரேலிய மருத்துவப் பெண்மணி. பின்னாளில் துன்பம் சூழ்ந்தபோது துணை நின்றவர் அவரே. அவர்களுக்குப் பிள்ளைகள் மூவர். மற்றொன்று, வாழ்நாள் முழுவதும் அவரை விடாது பற்றிக்கொண்ட ஒரு புதிர்.

புதிர்

அப்புதிரைச் சற்று விளக்குவது அவசியம். ஓர் உயிரினுள்ளே ஒரு வைரசு குடிபுகுந்தால், அதே வேளையில் மற்றொரு வைரசு அங்கே தழைப்பது அரிதாகின்றது. 1937இல் பின்ட்லே, மக்கலம் என்னும் இருவர் குரங்குகளை வைத்து இதனைக் காட்டினர். றிப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் எனப்படும் நோயின் வைரசு செலுத்தப்பட்ட குரங்குகளை, அதன்பின் மஞ்சட்காய்ச்சலின் வைரசு கொல்லவில்லை. இரு வைரசுகளுக்கும் உறவு யாதுமில்லை. ஆகவே ஒன்றுக்கெதிராக எழுந்த பிறபொருளெதிரி மற்றதையும் தடுத்தது என்று சொல்வதற்கில்லை. அன்றியும், பிறபொருளெதிரி உருவாகப் பல நாள்கள் செல்லும். இத்தடையோ சில மணி நேரத்திலேயே தோன்றுகின்றது.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. வெப்பத்தால் செயலிழக்கச் செய்யப்பட்ட வைரசும் அதே தடையை உண்டாக்கிற்று. உயிர்ப்பற்ற பிணம் வாசலை எவ்வாறு காக்கும்? அறிஞர் பலர் பலவாறு கூறினர். முதல் வைரசு கலத்தின் வாயிலை அடைத்துக்கொண்டது என்றனர் சிலர். கலத்தின் உணவுப்பொருளை முன்வந்தவன் தீர்த்துவிட்டான் என்றனர் வேறு சிலர். மெல்பேணில் ஐசக்ஸ் கோழி முட்டைகளை வைத்து இதனை ஆராய்ந்தார், கட்டுரைகள் வெளியிட்டார், ஆயினும் முடிச்சு அவிழவில்லை.

1950இன் இறுதியில் இங்கிலாந்துக்குத் திரும்பி, இலண்டனின் வடபுறத்தே மில் ஹில் என்னுமிடத்தில் அமைந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார். 1933இல் மனித இன்புளுவென்சாவின் வைரசை முதன்முதற் பிரித்தெடுத்த அறிஞர்கள் அந்நிலையத்தைச் சார்ந்தவர்களே. உலக இன்புளுவென்சா மையமும் அங்கே இயங்கிற்று. அதன் ஆய்வுக்கூடப் பொறுப்பு ஐசக்ஸின் கைக்கு வந்தது. உலகின் எம்மூலையிலிருந்து காய்ச்சல் எழுந்தாலும் அதன் வைரசு ஒரு சிறு குப்பியில் அவர் மேசைக்கு வந்து சேரும். பகலெல்லாம் அப்பணி. புதிரோ நெஞ்சில் கிடந்தது.

தேநீர் வேளையில் பிறந்த சோதனை

1956ஆம் ஆண்டுக் கோடையில் ஜோன் லிண்டன்மான் என்னும் இளைஞர் சுவிற்சலாந்திலிருந்து மில் ஹில் வந்தார். அவர் வந்தது வேறொரு வேலைக்கு. ஆயின் அவருள்ளத்திலும் இதே புதிர் குடியிருந்தது. ஒருநாள் தேநீர் வேளையில் இருவரும் பேசத் தொடங்கினர், பேச்சு சோதனையாயிற்று. பெருங்கண்டுபிடிப்பு ஒன்றின் தொடக்கம் ஒரு கோப்பைத் தேநீரில் இருந்தது என்பதில் தேயிலைத் தேசத்தவனாகிய எனக்குச் சிறு பெருமிதம் உண்டு.

முதலில் அவர்கள் கேட்ட வினா எளியது: செயலிழந்த வைரசு கலத்தினுள்ளே புகுந்து தடுக்கின்றதா, புறத்தே நின்று தடுக்கின்றதா? இதனை அறிய வைரசைச் செங்குருதிக் கலங்களின் வெற்றுத் தோல்களில் ஒட்டவைத்துப் பார்த்தனர். அச்சோதனைகள் எதிர்பார்த்த விடையைத் தரவில்லை. எதிர்பாராத வழி ஒன்றைத் திறந்தன. தடைசெய்யும் ஆற்றல் வைரசை விட்டுப் பிரிந்து, சுற்றியிருந்த நீரிலேயே நிலவுவது போல் தோன்றிற்று.

அதன் பின் நிகழ்ந்த சோதனை, பள்ளி மாணவனும் பின்தொடரத்தக்க தெளிவுடையது. கருவளரும் கோழி முட்டையின் ஓட்டுக்கு உட்புறத்தே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதனைத் துண்டுகளாக்கி உப்புநீர்க் குழாய்களில் இட்டனர். 56 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் சூடாக்கிச் செயலிழக்கச் செய்த இன்புளுவென்சா வைரசை அவற்றோடு சேர்த்தனர். சில மணி நேரங் கழித்துச் சவ்வை நன்கு கழுவி, வைரசை நீக்கி, புதுநீரில் ஓர் இரவு வைத்தனர். மறுநாள் சவ்வை எடுத்தெறிந்துவிட்டு அந்த நீரை மட்டும் வைத்துக்கொண்டனர். அந்நீரில் புதுச்சவ்வை ஊறவைத்து, அதன்மேல் உயிர்ப்புள்ள வைரசை ஏவினர். வைரசு வளர்ந்தால் அது கோழியின் செங்குருதிக் கலங்களைத் திரளச் செய்யும், அதுவே அளவுகோல். இங்கே வைரசு வளரவில்லை. வைரசைக் காணாத சாதாரண நீரில் ஊறிய சவ்விலோ அது தடையின்றிப் பெருகிற்று.

அந்த நீரில் இருந்தது யாது? முந்திய வைரசின் எச்சமோ என்று ஐயுற்றனர். வைரசைக் கீழே படியவைக்கும் வேகத்தில் நீரைச் சுழற்றினர். ஆற்றல் படியாது நீரிலேயே நின்றது. வைரசை முறிக்கும் பிறபொருளெதிரியைச் சேர்த்தனர், ஆற்றல் குறையவில்லை. ஆகவே அது வைரசு அன்று. கலமே ஆக்கி வெளியிட்ட புதுப்பொருள். குறுக்கிடுதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அதற்கு இன்டர்பெரோன் என்று பெயரிட்டனர். 1956 நவம்பரில் ஐசக்ஸின் குறிப்பேட்டில் அச்சொல் ஏறிவிட்டது. 1957இல் றோயல் சங்கத்தின் ஏட்டில் கட்டுரைகள் வெளியாயின. முதற்சோதனைக்கும் பெயருக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மாதங்களே. புதிரோடு அவர் வாழ்ந்த காலம் எட்டு ஆண்டுகள்.

ரஜுலா சுமந்த காய்ச்சல்

அதே 1957இல் விதி ஒரு விந்தை செய்தது. சீனத்தின் தென்மேற்கில் எழுந்த புதுவகை இன்புளுவென்சா ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் பரவிற்று. மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த ரஜுலா கப்பலின் பயணிகளோடு அது இந்தியாவுக்குள் இறங்கிற்று. ரஜுலாவை அறியாத தமிழ்க் குடும்பம் மலாயாவிலும் தென்னாட்டிலும் அரிது. எத்தனை தகப்பன்மாரை அக்கப்பல் ஏற்றிச் சென்றது, எத்தனை தகரப் பெட்டிகளை இறக்கித் தந்தது! அது கட்டப்பட்ட இடம் கிளாஸ்கோ நகரம், ஆண்டு 1926. ஐசக்ஸ் அப்போது அந்நகரிலே ஐந்து வயதுச் சிறுவன்.

இந்தியாவில் அவ்வாண்டு மே மாதம் முதல் அடுத்த பெப்ரவரி வரை 44 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணக்கெடுக்கப்பட்டது. நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்ச்சர் நிலையத்தார் வைரசைப் பிரித்தாய்ந்தனர். மில் ஹில்லில் உலக மையத்தின் மேசைக்குக் குப்பிகள் வந்து குவிந்தன. ஒரு கையால் உலகக் காய்ச்சலின் உருவத்தை வரைந்துகொண்டே, மறுகையால் அக்காய்ச்சலைத் தடுக்கும் உடற்பொருளின் இயல்பை எழுதிக்கொண்டிருந்தார் ஐசக்ஸ். உலகெங்கும் 10 இலட்சம் பேருக்கு மேல் மாண்டனர் என்பது இன்றைய மதிப்பீடு. கோடிக்கணக்கானோர் பிழைத்தெழுந்தனர். அவர்கள் பிழைத்தமைக்குரிய காரணங்களுள் ஒன்று, அவ்வாண்டுதான் முதன்முறையாகப் பெயர் பெற்றது.

வாசலில் செருகிய வேப்பிலை

இன்டர்பெரோனின் தொழிலை மாணவருக்கு விளக்கும்போதெல்லாம் நான் எங்கள் லயத்து வழக்கம் ஒன்றையே எடுத்துக்காட்டுவேன். ஒரு காம்பராவில் பிள்ளைக்கு அம்மை போட்டால், வேம்பு அருகிய இம்மலைநாட்டிலும் எங்கிருந்தேனும் ஒரு கொத்து வேப்பிலை தேடிவந்து வாசலில் செருகுவர். அதைக் கண்டவர் உள்ளே நுழையார். தம் பிள்ளைகளைத் தடுத்துவைப்பர். தம் வாசலையும் கூட்டிக் கழுவுவர். அந்த இலை உள்ளே கிடக்கும் பிள்ளையின் அம்மையை இறக்குவதற்கு முன்பே, அடுத்த காம்பராவின் பிள்ளையைக் காத்துவிடுகின்றது.

கலம் செய்வதும் அதுவே. வைரசு புகுந்த கலம் பெரும்பாலும் தான் மாள்கின்றது. மாள்வதற்கு முன் இன்டர்பெரோனைச் சுரந்து வெளியே விடுகின்றது. அயற்கலத்தின் மேற்புறத்தில் அதனை ஏற்கும் இடங்கள் உண்டு. அங்கே அது தங்கியவுடன் அக்கலத்தினுள்ளே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்தெழுகின்றன. வைரசின் மரபுப்பொருளை வெட்டும் நொதியம் ஒன்று ஆயத்தமாகின்றது. வைரசுக்குரிய புரதம் ஆக்கப்படாது தடுக்கும் நொதியம் மற்றொன்று ஆயத்தமாகின்றது. பகைவன் வந்து சேரும்போது வாசல் அடைத்திருக்கின்றது. இன்டர்பெரோன் வைரசைத் தானே கொல்வதில்லை, வீட்டாரை எழுப்பிவிடுகின்றது. எழுப்புவது எந்த வைரசுக்காக என்ற வேறுபாடும் அதற்கில்லை. பிறபொருளெதிரி, வந்த பகைவனின் முகத்தைப் பார்த்துச் செய்த படைக்கலம். அது ஆயத்தமாக ஒரு கிழமையோ அதற்கு மேலோ ஆகும். அந்த ஒரு கிழமையைத் தாண்டுவிக்கும் முதற்காவலே இது.

குருதியில் இக்காவலுக்குத் தனிப்படையும் உண்டு. வெண்குருதிக் கலங்களுள் மிகச் சிறுபான்மையான ஒருவகைக் கலங்கள், வைரசைக் கண்டவுடன் ஏனைய கலங்கள் சுரப்பதினும் பன்மடங்கு இன்டர்பெரோனைச் சுரந்து உடலெங்கும் அனுப்புகின்றன. அவை இன்னவை என்று 1999இல் ஐயந்திரிபறக் காட்டப்பட்டது. காய்ச்சலின்போது வரும் உடல்நோவும் சோர்வும் குளிரும் வைரசின் கொடுமை என்றே நாம் நினைக்கின்றோம். அவற்றுள் ஒரு பங்கு இந்தக் காவலின் ஆரவாரம். தூய இன்டர்பெரோனை மட்டும் ஊசியால் ஏற்றியபோதும் நோயாளிகளுக்கு அதே உடல்நோவும் குளிரும் வந்தன.

ஐயமும் அயர்வும்

புதுமை உரைப்போர்க்கு உலகம் தரும் முதற்பரிசு ஐயம். ஐசக்ஸுக்கும் அதுவே கிடைத்தது. தூய பொருளாக எவரும் அதைக் கண்ணாற் கண்டதில்லை. அதன் செயலைக் கொண்டே அதனை அளக்க வேண்டியிருந்தது. கிடைத்த அளவோ மிகச் சொற்பம். கோழியின் இன்டர்பெரோன் மனிதக் கலத்தில் பெரும்பாலும் பயன்படாது; எனவே முட்டையில் எடுத்ததை மனிதருக்கு மருந்தாக்கவும் வழியில்லை. அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், தவறாகப் பொருள்கொள்ளுதல் என்னும் சொல்லோடு அதன் பெயரைப் பிணைத்து எள்ளல் பெயரொன்று கட்டிவிட்டனர்.

செய்தித்தாள்கள் எதிர்ப்புறத்தே மிகைப்படுத்தின. பென்சிலின் பற்றீரியத்துக்கு, இதுவோ வைரசுக்கு என்று முழங்கின. சிறுவர் படிக்கும் படக்கதையிலும் இன்டர்பெரோன் தோன்றிற்று. ஆய்வுக்கூடத்தில் துளியளவும் தூய்மையாகக் கிடையாத பொருளுக்கு ஊரெங்கும் புகழ்! எள்ளலைத் தாங்கிக்கொள்வது கடினம். நிறைவேற்ற இயலாத நம்பிக்கையைத் தாங்குவது அதனினும் கடினம்.

இங்கே நடுநிலை கருதி ஒன்றைக் கூறல் வேண்டும். 1954இலேயே தோக்கியோ நகரில் நாகனோ, கொஜிமா என்னும் இருவர், முயலின் தோலில் வைரசைத் தடுக்கும் ஒரு பொருளைக் கண்டு பிரெஞ்சு ஏடொன்றில் எழுதியிருந்தனர். அக்கட்டுரை பரவலாகப் படிக்கப்படவில்லை. அவர்களுடைய முன்னுரிமையை இன்று வரலாற்றாசிரியர் மதிக்கின்றனர். அதனால் ஐசக்ஸின் புகழ் குன்றுவதில்லை. தூரதேசத்து இருவர் ஒரே உண்மையைத் தனித்தனியே கண்டனர் என்பதால் உண்மைதான் உறுதியாகின்றது.

பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மருந்துக் கம்பெனிகள் மூன்றும் கைகோத்து இன்டர்பெரோனை மருந்தாக்க முயன்றன. 1962இல், குரங்கின் கலங்களில் எடுத்ததைத் தொண்டர்களின் தோலில் ஏற்றி அம்மைப்பால் குத்தியபோது, பலரிடம் அம்மைப்பால் பற்றவில்லை; காவல் மெய்யென்று தெரிந்தது. ஆயின் 1965இல் தடிமனுக்கெதிராகச் செய்த சோதனை தோற்றது. கொடுத்த அளவு போதாமையே காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. அன்றோ, இருந்த நம்பிக்கையும் சரிந்தது.

இதற்கிடையே ஐசக்ஸின் உள்ளமும் நோயுற்றது. 1950களின் இறுதியிலிருந்தே கடும் மனச்சோர்வு அவரை அவ்வப்போது பற்றிக்கொண்டது. எள்ளலால் வந்த நோய் என்று அதனைச் சிலர் எழுதுவர். மனநோய் அத்துணை எளிய கணக்கில் அடங்குவதன்று. அதற்கும் உடலில் வேர்கள் உண்டு. பற்றீரியவியல், வைரசியல் பிரிவின் தலைமை 1961இல் அவருக்கு வந்தது. சோர்வு நீங்கிய நாள்களில் அவர் ஆர்வம் பொங்கப் பேசுபவர், இளைஞரைத் தூண்டி உழைப்பிப்பவர் என்று உடனிருந்தோர் பதிந்துள்ளனர். 1964இல் மூளையுறையினுள்ளே குருதி கசிந்தது. பெரும்பிரிவின் தலைமையிலிருந்து விலகி, இன்டர்பெரோன் ஆராய்ச்சிக்கென அமைந்த சிறுகூடத்தோடு நின்றார்.

அந்நாள்களிலும் அவர் சிந்தனை ஓயவில்லை. கலம் எதைக் கண்டு இன்டர்பெரோனைச் சுரக்கின்றது? அயல் நியூக்கிளிக்கமிலத்தைக் கண்டே என்று 1963ஐ ஒட்டி அவர் கூறினார். தனது மரபெழுத்துக்கும் பிறனது மரபெழுத்துக்கும் வேற்றுமை அறியும் ஆற்றல் கலத்துக்கு உண்டு என்பது அக்கருத்தின் சாரம். காட்டிய சான்றுகள் போதாமையால் பலர் அதனை ஏற்கவில்லை. 1966இல் றோயல் சங்கம் அவரை உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. 1967ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அவர் காலமானார். அதே ஆண்டில் அமெரிக்காவில் மோரிஸ் ஹில்மன் குழுவினர், இரட்டைப் புரியுடைய ஆர்.என்.ஏ. இன்டர்பெரோனைத் தூண்டுகின்றது என்று நிறுவினர். அவர் சுட்டிய திசை சரியென்று உலகம் ஒப்பியபோது, சுட்டிய விரல் இல்லை.

மறைவுக்குப் பின்

பின்வந்த கதை குருதியின் கதை. பின்லாந்தில் காரி கன்ரெல் என்பவர், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மக்கள் தானமாகத் தந்த குருதியிலிருந்து வெண்குருதிக் கலங்களைப் பிரித்து, அவற்றிலே வைரசை ஏவி, மனித இன்டர்பெரோனை எடுத்தார். ஆண்டுதோறும் பல்லாயிரம் லீற்றர் குருதியைக் கடைந்தால் ஒரு கிராமுக்கும் குறைந்ததே திரண்டது. 1970களில் உலகம் பயன்படுத்திய இன்டர்பெரோனில் பெரும்பங்கு அச்சிறு நாட்டுக் கொடையாளரின் கைநரம்பிலிருந்து வந்ததே. 1973இல், அதனைப் பேரளவில் மூக்கிலிட்டபோது தடிமன் தடுக்கப்பட்டது. 1965இன் தோல்விக்கு மறுமொழி அங்கே கிடைத்தது.

1980ஐ ஒட்டி சூரிச்சில் வைஸ்மனும் தோக்கியோவில் தனிகுச்சியும் அதன் மரபணுக்களைப் பிரித்தெடுத்துப் பற்றீரியத்தில் வளர்க்க வழிகண்டனர். இன்டர்பெரோன் ஒன்றன்று, ஒரு குடும்பம் என்பதும் அப்போது தெளிவாயிற்று. 1986இல் அமெரிக்காவில் ஒருவகை வெண்குருதிப் புற்றுநோய்க்கும், 1991இல் ஈரலழற்சி ‘சி’ நோய்க்கும் மருந்தாக அது ஒப்புக்கொள்ளப்பட்டது. பல மாதங்கள் ஊசி ஏற்றி, உடல்நோவையும் உளச்சோர்வையும் பொறுத்து, பலர் அதனால் பிழைத்தனர். இருபதாண்டுகளுக்குப் பின் ஈரலழற்சிக்கு அதனினும் சிறந்த குளிசைகள் வந்தமையால் அப்பணியிலிருந்து அது பெரிதும் ஓய்வுபெற்றது. தீராத வைரசு நோய் இல்லை என்னும் அன்றைய செய்தித்தாள்களின் கனவு பலிக்கவில்லை.

ஆயின் ஐசக்ஸின் கண்டுபிடிப்பை மருந்தின் அளவுகோலால் மட்டும் அளப்பது முறையன்று. நம் ஊர் வைத்தியசாலைகளை மழைக்காலந்தோறும் நிரப்பும் டெங்குவின் வைரசு, கலத்தினுள்ளே இன்டர்பெரோனின் செய்தியைச் சுமந்து செல்லும் புரதமொன்றை அழித்துவிடுகின்றது. திருடன் முதலில் நாயைக் கொல்வது போல. 2020இல் கொரோனாவால் உயிருக்குப் போராடிய 987 நோயாளிகளை ஆராய்ந்தபோது, 101 பேரின் குருதியில் தம் சொந்த இன்டர்பெரோனையே முறிக்கும் பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. ஒரே வீட்டில் ஒருவர் எழுந்து நடக்க, மற்றவர் மூச்சுக்குத் திணறியதன் காரணங்களுள் ஒன்று அங்கே வெளிப்பட்டது. அதே தொற்றுக்கு எதிரான ஆர்.என்.ஏ. தடுப்பூசியும் இக்காவலோடு உடன்பாடு செய்துகொண்டே பிறந்தது. வெறும் ஆர்.என்.ஏ.யைச் செலுத்தினால் கலம் அதனைப் பகையென்று கருதி எச்சரிக்கை எழுப்பும். அதன் எழுத்தொன்றைச் சிறிது மாற்றினால் எச்சரிக்கை அடங்கும் என்று கரிக்கோ, வைஸ்மன் என்னும் இருவர் 2005இல் காட்டினர். இந்த வைஸ்மன் சூரிச்சு அறிஞரின் வேறானவர். 2023இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கலம் அயல் நியூக்கிளிக்கமிலத்தை அறியும் என்று நோய்ப்படுக்கைக்கு இடையே எண்ணிய மனிதரை அவ்வேளையில் நினைத்தவர் எத்தனை பேரோ!

பேராதனையில் 1962இல் தோன்றிய மருத்துவ பீடத்துக்கு எங்கள் மலைப்பகுதிப் பிள்ளைகளும் இன்று செல்கின்றனர். லயத்துக் காம்பராவில் விளக்கேற்றிப் படித்தவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களிடம் நான் ஐசக்ஸைப் பற்றிப் பேசுவது அவர் பெரும்புகழ் பெற்றார் என்பதற்காக அன்று. எட்டாண்டு ஒரு வினாவை விடாது சுமந்தார். விடை கிடைத்ததும் அதனைத் தம் தோழரின் பெயரோடு சேர்த்தே வெளியிட்டார். எள்ளியோர்க்கு மேலும் ஒரு சோதனையையே மறுமொழியாகத் தந்தார். உள்ளம் சோர்ந்த நாள்களிலும் அடுத்த வினாவுக்குச் சென்றார். நோபெல் பரிசு அவருக்கு வரவில்லை. அவர் கண்ட காவல் தம்முள்ளே இயங்குவதை அறியாமலே மக்கள் காய்ச்சலிலிருந்து எழுகின்றனர். எழுந்து, தேயிலைக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுகின்றனர்.